ஏழாம் மைலில் நின்ற கார்

துப்பறியும் அடைக்கலத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே ஒழுங்காக வராது. அப்படிப்பட்ட மனிதர் மேலக்குறிச்சி போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்ற பச்சைக் காரை மூன்று தடவை சுற்றி வந்து, நான்காவது தடவை குனிந்து அடியிலும் எட்டிப் பார்த்தபோது, அவருடைய உதவியாளன் சூசைராஜுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, சந்தையில மாடு பிடிக்க வந்தவுக மாதிரி சுத்துறீங்க. பல்லைப் பிடிச்சுப் பாருங்க, வயசு தெரியும்."

"வயசு தெரியும்டா. முப்பத்தாறாம் வருசத்து வண்டி. ஒன்னைவிடப் பத்து வயசு எளசு. ஒன்னைவிட ஒழுங்கா ஒழைச்சிருக்கு."

திருக்கோகர்ணத்தில் ஒரு பட்டறையில் மூன்று வருஷம் மெக்கானிக்காக இருந்து, முதலாளியின் வழுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வேலையை இழந்தவன் சூசைராஜ். அடைக்கலமோ புதுக்கோட்டை சமஸ்தானப் போலீசில் ஏட்டாக இருந்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனதோடு அவர் வேலையும் போயிற்று. எட்டு வருஷமாகத் துப்பறிகிறார். எட்டு வருஷமாகச் சிடுசிடுப்பும் குறையவில்லை.

வழக்கு இதுதான். மேலக்குறிச்சியில் பெரிய பண்ணைக்காரர் ரத்தினவேல். அவருடைய மனைவி அமராவதிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு அந்த அம்மாளுக்கு வலி எடுத்தது. பதினான்கு மைலில் இருக்கிற புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஏழாவது மைலில், சித்தன்னவாசல் பிரிகிற இடத்தில், கார் நின்றது. கிளம்பியது. நூறு கஜம் போய் மறுபடி நின்றது. அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று, வழியில் வந்த ஒரு கூண்டு வண்டியில் அந்த அம்மாளை மாற்றி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

கருமாதி முடிந்ததும் ரத்தினவேல் போலீசில் எழுதிக் கொடுத்தார். காரைக் கெடுத்து என் பெண்டாட்டியைக் கொன்றவன் என் டிரைவர் பங்கிராஸ் என்று எழுதினார். நேற்றுச் சாயங்காலம் பங்கிராஸைப் பிடித்து லாக்கப்பில் போட்டார்கள். இன்று நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். நிறுத்திவிட்டால் கொலைக் கேஸ். அந்த நாலு மணிக்குள் ஏதாவது செய்யுங்கள் என்றுதான் பங்கிராஸின் மனைவி ஞானசெல்வி விடிகாலையில் அடைக்கலத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

இன்ஸ்பெக்டர் நாகராசு சமஸ்தானக் காலத்தில் அடைக்கலத்துக்குக் கீழே கான்ஸ்டபிளாக இருந்தவர். அந்தப் பழக்கம் விடவில்லை.

"ஏட்டையா, ஒங்களுக்காகக் காட்டுறேன். ஆனா கேஸு இரும்பு மாதிரி இருக்கு. மூணு விசயம். ஒண்ணு, இந்த வண்டி முதலாளி தனியா ஓட்டுறப்ப நின்னிருக்கு. பங்கிராஸு ஓட்டுறப்ப அதுக்கு முன்னாடி ஒரு நாளும் நின்னதில்ல. அப்ப கோளாறு வண்டியில இல்ல. ரெண்டு, அன்னைக்கு வண்டி நின்னதும் எந்த டிரைவரும் என்ன செய்வான்? பானெட்டைத் தூக்குவான். இவரு பின்னாடி பெட்ரோல் டாங்குக்கு ஓடியிருக்காரு. முதலாளி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிச்சிருக்காரு. மூணாவது..."

மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு தையல் ஊசி.

"அப்ப இவரு கையில இது இருந்திருக்கு."

"ஊசி வச்சு என்ன செஞ்சாராம்?" என்றார் அடைக்கலம்.

"பெட்ரோல் குழாயில எங்கேயாவது குத்தியிருக்கணும்."

"எங்க குத்தியிருக்கு?"

"அது... இன்னும் கண்டுபிடிக்கலை. நேத்து டவுன்ல இருந்து மெக்கானிக்கைக் கூட்டியாந்தோம். பெட்ரோலைப் பாத்தாரு, பானெட்டைத் தூக்கிப் பாத்தாரு, ரெண்டு மைல் ஓட்டியும் பாத்தாரு. வண்டி குதிரை மாதிரி போகுது. ஒரு கோளாறும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அப்ப இவருதானே ஏதோ செஞ்சு, எடுத்துமிருக்காரு?"

"கோளாறு இல்லைங்கிறதே குத்தமாப் போச்சா! நல்லாருக்கு சார். எனக்கு ஒரு வியாதியும் இல்ல, என்னையும் பிடிச்சு உள்ள போடுங்க" என்றான் சூசைராஜ்.

நாகராசு முறைத்தார். அடைக்கலம் லாக்கப் கம்பிக்கருகில் போனார்.

பங்கிராஸுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆவூர்க்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா சுரூபம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஊசி எதுக்குய்யா?" என்றார் அடைக்கலம்.

பதில் இல்லை.

"டாங்குக்கு ஏன் ஓடுன?"

பதில் இல்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நாலு மணிக்கு ஒன்னைக் கொலைகாரன்னு சொல்லப் போறாங்கய்யா!"

பங்கிராஸ் தலையைத் திருப்பினார். "நான் ஒண்ணும் செய்யலைங்க. சொன்னா நம்ப மாட்டாங்க. நம்புனா இன்னும் மோசம். விட்டுருங்க."

சூசைராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆவூர் மாதா கோயிலில் சின்ன வயதில் பார்த்த முகம் அது. திருவிழாக் கூட்டத்தில் யாரோடும் முண்டாமல் ஓரமாக நிற்கிற முகம். இந்த மனிதர் ஒரு கோழியைக்கூடத் திட்டியிருக்க மாட்டார் என்று சத்தியம் பண்ணலாம். ஆனால் சத்தியம் எல்லாம் கோர்ட்டுக் கச்சேரியில் செல்லாது.

வெளியே மரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த ஞானசெல்வி எழுந்து நின்றாள். கஞ்சி ஆறிப்போயிருந்தது. உள்ளே விடவில்லை.

"ஏம்மா, ஊசி ஒங்க வீட்டு ஊசியா?" என்று கேட்டார் அடைக்கலம்.

"ஆமாங்கய்யா. எங்கிட்டதான் வாங்கிட்டுப் போவாரு. துருப்பிடிச்சா வேற கேப்பாரு. எதுக்குன்னு கேட்டா வண்டிக்குன்னு சொல்லுவாரு. நானும் கார் சீட்டு கிழிஞ்சிருந்தா தைப்பாருபோலன்னு நெனச்சேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமா இருக்கும்ங்க."

அடைக்கலம் காரைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு மனுசனைக் கொல்லணும்னு ரெண்டு வருசம் ஊசி வாங்குறவன் உண்டாடா?"

"தையற்காரன் உண்டு அண்ணே" என்றான் சூசைராஜ். சொன்ன பிறகு ஞானசெல்வியின் முகத்தைப் பார்த்து, ஏன் சொன்னோம் என்று இருந்தது.

மேலக்குறிச்சியை விட்டு வெளியே வந்ததும் ஒரு சின்னப் பாலம். அதன் ஓரத்தில் பனை ஓலையை விரித்து மூக்காயி என்கிற கிழவி நுங்கு விற்றுக்கொண்டிருந்தாள். அந்த வழியாகப் போகிற வண்டி எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று ஞானசெல்விதான் சொல்லியிருந்தாள். சூசைராஜ் ஆறு நுங்கை உள்ளே தள்ளிய பிறகு கேட்டான்.

"ஆத்தா, பச்சைக் காரு தெரியுமா?"

"தெரியாம என்ன? அந்த வேதக்கார டிரைவருதானே? நல்ல மனுசன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒத்தையா டவுனுக்குப் போவாரு. இந்தா, இந்தப் பாலத்துல நிறுத்துவாரு. எறங்கிப் பின்னாடி போயி நிப்பாரு. ஒரு வெத்தலை மடிக்கிற நேரம்தான். ஏறிப் போயிருவாரு."

"பின்னாடி போயி என்ன செய்வாரு?"

"நான் என்னத்தைக் கண்டேன்? ஒண்ணுக்குப் போறாருன்னு நெனச்சு அங்கிட்டுத் திரும்பிக்குவேன்."

சூசைராஜ் வாய்விட்டுச் சிரித்தான். அடைக்கலம் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மட்டும்தானா? மத்த நாள் நிறுத்த மாட்டாரா?"

"மத்த நாள் நிக்காது. வெள்ளிக்கிழமைதான். என் நுங்கு யாவாரம் சாட்சி."

"முதலாளி பிரசவத்துக்கு அம்மாளைக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு?"

கிழவியின் முகம் சுருங்கியது. "அன்னைக்கும் வெள்ளிதான். பாலத்துக்கிட்ட வந்ததும் வண்டி மெதுவாச்சு. உள்ள இருந்து மொதலாளி ஒரு அதட்டுப் போட்டாரு. ஓட்டிட்டுப் போயிட்டாரு. அந்தத் தாயி கதறுனது இன்னும் காதுல கெடக்கு சாமி."

பண்ணை வீட்டை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் அடைக்கலம் திடீரென்று நின்றார்.

"நீ பட்டறையில இருந்தப்ப இந்த வண்டி வந்திருக்கா?"

சூசைராஜ் தலையைச் சொறிந்தான். இந்தக் கேள்வி வரக் கூடாதே என்றுதான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தான். "வந்திச்சு அண்ணே. போன வருசம். ரத்தினவேலு ஐயாதான் ஓட்டிட்டு வந்தாரு. வழியில நின்னுருச்சுன்னு மாடு கட்டி இழுத்தாந்தாங்க."

"என்னைக்கு?"

"பெரிய வெள்ளிக்கிழமை. நல்லா ஞாபகம் இருக்கு. பெரிய வெள்ளியில வேலை பாத்தேன்னு எங்க ஆத்தா ஒரு வாரம் எனக்குச் சோறு போடலை."

"டிரைவர் எங்க?"

"பெரிய வெள்ளிக்கு ஆவூர் போயிட்டாரு. அவரு லீவு எடுத்ததாலதான் ஐயாவே ஓட்டினாரு. கடுப்புல இருந்தாரு."

"நீ என்ன செஞ்ச?"

"கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவுனேன். பிளக்கைத் தேச்சேன். பாயின்டைச் சுரண்டுனேன். சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணுனேன், ஒரே அடியில பிடிச்சுக்கிச்சு."

"எதுல கோளாறு இருந்துச்சு?"

"எதுலயும் இல்ல. எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஆனா ஓடிருச்சுல்ல? ஓடுன வண்டியைப் பாத்து ஏன் ஓடுனன்னு எவன் கேப்பான்?"

"நான் கேப்பேன்டா. பானெட்டைத் தூக்கறதுக்கு முன்னாடி என்ன செஞ்ச? மொத மொதல்ல?"

"அதென்ன பெரிய விசயம்? எல்லா மெக்கானிக்கும் செய்யறதுதான். பெட்ரோல் இருக்கான்னு டாங்கு மூடியைத் தெறந்து குச்சி விட்டுப் பாத்தேன். நெறைய இருந்துச்சு. மூடிட்டேன்."

"நேத்து வந்த மெக்கானிக்கும் மொதல்ல பெட்ரோலைத்தான் பாத்திருக்கான்" என்றார் அடைக்கலம். "அப்புறம்தான் ரிப்பேர் பாத்தான். நீங்க எல்லாரும் வண்டியைச் சரி பண்ணி முடிச்சிட்டு ரிப்பேர் பாக்க ஆரம்பிச்சிருக்கீங்கடா."

சூசைராஜுக்கு அது விளங்கவில்லை. விளங்காததை ஒத்துக்கொள்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தான்.

ரத்தினவேல் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத் தாடி. யாரையும் உட்காரச் சொல்லவில்லை. சுவரோரம் ஒரு தொட்டில் புதுச் சாயம் மாறாமல் கிடந்தது. அதை எடுக்க அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது.

"அவனுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கீங்களா? பெரிய வெள்ளிக்கு லீவு கேட்டான். இந்த வருசம் கெடையாது, அம்மா மாசமா இருக்கான்னேன். முணுமுணுத்துக்கிட்டே போனான். மனசுல வச்சுக்கிட்டுத்தான் செஞ்சிருக்கான். அவன் இல்லாதப்ப மட்டும் வண்டி நிக்குதுன்னா அர்த்தம் என்னங்க? அவன் இல்லாம நான் ஓட்டக் கூடாதுங்கிற திமிரு!"

அடைக்கலம் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெல் குதிரின் வாயில் சந்தனமும் குங்குமமும். கிணற்றடி பம்புசெட்டில் சந்தனமும் குங்குமமும். தையல் மிஷினில், அரிசி அண்டாவில், பாலடுப்பில். எல்லாம் மூன்று வாரமாகக் காய்ந்து வெடித்திருந்தன.

"அம்மா வச்சதா?" என்று கேட்டார்.

ரத்தினவேலின் குரல் இறங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமை தவறாதுங்க. குளிச்ச ஈரத்தோட கிண்ணத்துல சந்தனத்தைக் கொழச்சு எடுத்துக்கிட்டு வீடு பூராவும் சுத்துவா. அன்னைக்கும் வச்சா. வச்சு முடிச்ச கையோடதான் வலி வந்துச்சு."

"காருக்கும் வைப்பாங்களா?"

"மூணு எடத்துல. முன்னாடி ரேடியேட்டர்ல, ஸ்டீரிங்ல, அப்புறம் பின்னாடி பெட்ரோல் மூடியில. அங்க எதுக்குடின்னு கேட்டா, வண்டி சாப்பிடுற வாய் அதுதானே, அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறதும்பா."

"வண்டியில அன்னைக்குப் பெட்ரோல் எவ்வளவு?"

"கழுத்து வரைக்கும். பிரசவம் நெருங்கிருச்சு, எந்நேரமும் டாங்கு நெறைஞ்சு இருக்கணும்னு சொல்லியிருந்தேன். நானே பக்கத்துல நின்னு டின்னுல இருந்து ஊத்த வச்சேன். பெட்ரோல் தீர்ந்துதான் நின்னுச்சுன்னு அவன் சாக்குச் சொல்ல முடியாதுங்க."

அடைக்கலம் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்று சூசைராஜுக்குத் தெரிந்தது. வழக்கமாக அப்போது மீசையைத் தடவுவார். இன்றைக்குத் தடவவில்லை. பிடிபட்டது அவருக்கே பிடிக்கவில்லை.

"ஐயா, ஒரு தடவை அந்தக் காருல என்கூட ஏழாவது மைலு வரைக்கும் வாங்க. அங்க வந்தப்புறமும் அவன்தான் குத்தவாளின்னு நீங்க சொன்னா, நான் ஒரு வார்த்தை பேசாம வீட்டுக்குப் போயிடுறேன்."

மணி இரண்டு. ஸ்டேஷன் மரத்தடியில் கார் டாங்கில் பெட்ரோலைக் கழுத்து வரைக்கும் ஊற்றினார்கள். மூடியில் காய்ந்திருந்த சந்தனத்தின் மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருகச் சொன்னார் அடைக்கலம். சூசைராஜ் ஓட்டினான். பக்கத்தில் ரத்தினவேல். பின்சீட்டில் அடைக்கலமும் நாகராசும், இரண்டு பேருக்கும் நடுவில் கையில் விலங்கோடு பங்கிராஸ்.

பாலம் போயிற்று. மூக்காயி எழுந்து நின்று பார்த்தாள். அன்னவாசல் போயிற்று. கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நாகராசு கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டார்.

"குதிரை மாதிரி போகுதுன்னு சொன்னேன்ல?"

சித்தன்னவாசல் குன்று கண்ணில் பட்டபோது என்ஜின் ஒரு தடவை விக்கியது. சூசைராஜ் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். மறுபடி விக்கியது. பிரிவு ரோட்டுக்குப் பத்து கஜம் முன்னால் கார் செத்துப்போய் நின்றது. ஸ்டார்ட் பண்ணினான். பிடித்தது, நூறு கஜம் நகர்ந்தது, மறுபடி நின்றது.

ரத்தினவேல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதே இடம். அதே வெயில்.

"இந்தத் தடவை பங்கிராஸ் கையில விலங்கு இருக்கு" என்றார் அடைக்கலம். "ஊசி ஸ்டேஷன்ல இருந்து ஒங்க சட்டைப் பைக்கு வந்திருக்கு இன்ஸ்பெக்டர். இப்ப வண்டியை நிறுத்துனது யாரு?"

நாகராசு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"டேய் சூசை, போய் டாங்கு மூடியைத் தெற. வேற எதையும் தொடாத."

சூசைராஜ் பின்னால் போய் மூடியைத் திருகினான். உஸ்ஸ் என்று உள்ளே காற்று இழுத்துக்கொள்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மூடியைக் கையில் எடுத்துக் கவிழ்த்தான். உள்பக்கம், நட்டநடுவில், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். மேல்பக்கம் அந்தத் துவாரத்தின் மேலேயே அமராவதி அம்மாள் வைத்த பொட்டு. விரல் ரேகைகூடத் தெரிந்தது. மெக்கானிக் என்று மூன்று வருஷம் மார் தட்டியவன், பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்ததில்லை.

"மண்ணெண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வருமா?" என்றார் அடைக்கலம். "வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடணும், காத்துப் போக. கார் டாங்குக்கு அந்த ரெண்டாவது ஓட்டை இந்த மூடியில இருக்கு. அம்மா பொட்டை நடுவுலதானே வைப்பாங்க? ஓட்டையும் நடுவுலதான் இருக்கு. காத்துப் போக வழியில்ல, பெட்ரோல் வராம நின்னுருச்சு. டாங்கு கொறைவா இருந்தா உள்ள கொஞ்சம் காத்து இருக்கும், டவுன் வரைக்கும்கூடத் தாங்கியிருக்கும். கழுத்து வரைக்கும் ஊத்தினதால சீக்கிரம் நின்னுச்சு. மெக்கானிக்குங்க பெட்ரோல் பாக்கத் தெறந்ததும் காத்துப் போயிடும், வண்டி ஓடும். அவங்க கார்புரேட்டரைக் கழுவிட்டு மாலை போட்டுக்குவாங்க."

சூசைராஜ் மூடியை மூடி, ஸ்டார்ட் பண்ணினான். ஒரே அடியில் பிடித்துக்கொண்டது.

"பங்கிராஸுக்கு இது தெரியும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அம்மா பொட்டு வைப்பாங்க, இவரு ஊரைத் தாண்டி பாலத்துல நிறுத்தி ஊசியால குத்தி விட்டுருவாரு. அதனாலதான் இவரு கையில வண்டி நிக்கவே இல்ல. பெரிய வெள்ளிக்கு இவரு லீவு, குத்த ஆளில்ல, முதலாளி கையில நின்னுச்சு. அன்னைக்கு வண்டி நின்னதும் இவரு ஊசியோட டாங்குக்குத்தான் ஓடியிருக்காரு. பின்ன எங்க ஓடணும்?"

நாகராசு சாவியை எடுத்து விலங்கைக் கழற்றினார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை" என்று ரத்தினவேல் பக்கம் திரும்பினார் அடைக்கலம். "ஈரத் துணியை எடுத்துத் தொடைச்சா முடிஞ்சு போற காரியம். அதை வீட்டுலயே செஞ்சிருக்கலாம். எதுக்கு ஊருக்கு வெளிய ஒளிஞ்சு நின்னு, பொட்டு கலையாம, ஊசியால குத்தணும்?"

ரத்தினவேல் காரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"தொடைச்சான்" என்றார். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் தொடைச்சான். நான் பாத்துட்டேன். என் பொண்டாட்டி வச்ச சந்தனத்தை வேதக்காரன் நீ அழிக்கிறியாடான்னு கேட்டு, பண்ணையாளுக எல்லாம் பாக்க, கன்னத்துல அறைஞ்சேன். ஐயா, அதுல ஒரு ஓட்டை... ன்னு ஏதோ சொல்ல வந்தான். இன்னொண்ணு போட்டேன். இனிமே அதுல கை வச்ச, கையை ஒடைச்சிருவேன்னேன்."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சூசைராஜுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்த ஆளை என்ன செய்வது? சட்டத்தில் இதற்கு ஒரு செக்ஷனும் கிடையாது.

ரத்தினவேல் பங்கிராஸுக்கு எதிரில் போய் நின்றார். "அன்னைக்கு இதே எடத்துல நான் ஒன் சட்டையைப் பிடிச்சேன்ல. அப்பவாவது கத்திச் சொல்லியிருக்கலாம்லடா?"

"சொன்னேங்க" என்றார் பங்கிராஸ். "மூடி, மூடின்னு கத்துனேன். வாயை மூடச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டீங்க, அடிச்சீங்க. ஊசியைப் பிடுங்கிக்கிட்டீங்க. அப்புறம் பானெட்டைத் தூக்குடான்னு கழுத்தைப் பிடிச்சு முன்னாடி தள்ளுனீங்க. மூடிப்பக்கம் போக ரெண்டு தடவை பாத்தேன். கல்லை எடுத்துட்டீங்க."

"போலீசுல சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றதுங்க? அம்மா வச்ச சந்தனந்தான் அம்மாவைக் கொன்னுச்சுன்னா? எனக்கும் என் புள்ளைக்கும் காய்ச்சல்னா அவங்க கையாலதான் கஷாயம் வரும். அவங்க செத்து ஒரு மாசம் ஆகுறதுக்குள்ள அப்படிச் சொன்னா ஊரு என்னை விடுமா? நீங்க விடுவீங்களா?"

ரத்தினவேல் கை கூப்பினார். பெரிய பண்ணைக்காரர், தன் டிரைவரை நடுரோட்டில் கும்பிட்டார். அதைப் பார்க்க நன்றாக இல்லை.

"பங்கிராஸு, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் பிடிக்காம விட்டிருந்தாலும் அவ பொழைச்சிருக்க மாட்டா. வலி முத்திப் போச்சு, ஆஸ்பத்திரி போயிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டா. அப்படித்தானே? நீயும் கூடத்தானே இருந்த. அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுய்யா."

அடைக்கலம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லிவிடேன் என்றிருந்தது சூசைராஜுக்கு. அடுத்த நிமிஷமே, சொல்லாதே என்றும் இருந்தது.

பங்கிராஸ் விலங்கு கிடந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் டாக்டர் இல்ல. நான் டிரைவரு. என்னை விட்டிருந்தா பத்து எண்ணுறதுக்குள்ள வண்டி கெளம்பியிருக்கும். இருபது நிமிசத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நின்னிருக்கும். அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

சொல்லிவிட்டு மேலக்குறிச்சிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அங்கே ஸ்டேஷன் வாசலில் ஞானசெல்வி காத்துக்கொண்டிருந்தாள். கார் இருக்கிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்று நாகராசு கூப்பிட்டார். பங்கிராஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஏழு மைலையும் அவர் நடந்தே போனார்.